ஆறு வார்த்தைகளும் கொஞ்சம் அசதியும்

1

போன வாரம் என் மகள் ரூத் வீட்டுப்பாட நோட்டோடு அடுக்களைக்குள் வந்தாள். எங்கள் வீட்டில் இது பெரிய சம்பவம். இங்கிலாந்துக்கு வந்த நான்கு வருடத்தில் அவளுக்குப் பதின்மூன்று வயதும் இந்த ஊர்ப் பேச்சும் வந்துவிட்டன. பாடத்தில் என்னிடம் சந்தேகம் கேட்பதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் நான் யாரிடமாவது ஆங்கிலம் பேசினால் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்டவள், “மம்மி, ஆறு வார்த்தைக்கு ஆறு வாக்கியம் வேணும்” என்று வந்து நின்றாள்.

சிங்க், டிரூப், சாக், ஸ்லம்ப், வில்ட், டிக்ளைன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினான்கு வருடம் ஆங்கிலம் நடத்தியவள் நான். இந்த ஆறும் அங்கே ‘ஒரே பொருள் தரும் சொற்கள்’ என்று ஒரே கட்டத்துக்குள் வரும். எல்லாவற்றுக்கும் ‘கீழே போவது’ என்று சொல்லிக்கொடுத்து, மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். ஒரு பிள்ளை, சூரியன் மேற்கே ‘டிரூப்’ ஆனது என்று எழுதிவிட்டது. நான் சிவப்பு மையால் வட்டம் போட்டு அரை மதிப்பெண் கொடுத்தேன். ஏன் தப்பு என்று அந்தப் பிள்ளை கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. நல்லவேளை, கேட்கவில்லை.

இப்போது பதில் தெரியும். ரூத்துக்கு ஆறு வாக்கியத்தையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே வந்தவள் நான்காவதில் பேனாவை நிறுத்தினாள். “மம்மி, நாலும் நாலு பேஷன்ட். ஒரு பூவைப் பத்தி ஏதாவது சொல்லக் கூடாதா?” என்றாள். சரி என்று ‘வில்ட்’டுக்கு மட்டும் ஒரு ரோஜாவை வாட விட்டோம்.

அடுத்த வாரத்தோடு அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அவரிடம் கடைசி நாட்களில் போய்ச் சேர முடிந்ததற்கும், போனதும் உள்ளதைச் சொல்ல முடிந்ததற்கும் இந்த வார்த்தைகள்தான் காரணம். அதை ஊரில் இருக்கிறவர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

2

வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, பேச்சுத்துணை இருப்பது. டீச்சராக இருந்தவள் இதற்கா போனாள் என்று அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் கேட்டவர்கள் உண்டு. கையால் செய்கிற வேலை எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. எழுதுகிற வேலைதான் கஷ்டப்படுத்தியது.

ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் டேப் என்கிற கையடக்கக் கணினியில் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுத வேண்டும். என்ன சாப்பிட்டார், எப்படி இருந்தார். இங்கே எல்லாமே இந்தக் குறிப்புதான். எழுதாதது நடக்காதது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதைப் படித்துத்தான் நர்ஸ் டாக்டரைக் கூப்பிடுவார். தூரத்துப் பிள்ளைகள் போன் செய்தால் அதைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். படுக்கையில் இருக்கிறவரைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? “கர்த்தர் கிருபையால சுகமா இருக்காவ.” மோசமாகிவிட்டது என்று சொன்னால் அந்த வாக்கு பலித்துவிடும் என்று ஒரு பயம். எங்களைப் போன்ற வேதக்கார, கிறிஸ்தவ வீடுகளில் அதற்கு மேல், விசுவாசக் குறைவு என்று ஒரு பேரும் கிடைக்கும். உண்மையிலேயே முடியவில்லை என்றால்கூட வெளியூரில் இருக்கிறவர்களிடம், “உன்னைத் தேடுதாவ, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ” என்பதோடு நிறுத்திக்கொள்வோம். கேட்கிறவருக்கும் புரிந்துவிடும். பெட்டியைக் கட்டிவிடுவார்.

நான் இதையெல்லாம் விமானத்தில் கூடவே கொண்டுவந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. என் குறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ‘நன்றாக இருக்கிறார். கொஞ்சம் அசதி.’ ஆங்கில இலக்கணம் சுத்தமாக இருக்கும். ஒரு தடவை மேனேஜர் பாராட்டக்கூடச் செய்தார்.

3

ஆர்தர் என்று ஒரு பெரியவர். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். காலையில் ரொட்டிக்கு ஜாம் ஓரம் வரைக்கும் தடவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவார். அவருக்கு ஒரே மகள் ஹெலன், தெற்கே கடலோரத்தில் ஏழு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தார். தினமும் காலையில் போன் செய்வார். அந்த வார வெள்ளிக்கிழமை வருவதாக டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை ஆர்தர் ரொட்டியைப் பாதி வழியில் கையிலேயே மறந்துவிட்டார். தலை இடது பக்கமாகத் தொய்ந்தது. நான் ஒரு தலையணையை அந்தப் பக்கம் அண்டை கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை நாற்காலியில் இரண்டு தடவை சரிந்தார். கன்னம் உள்ளே போயிருந்தது. எல்லாம் பார்த்தேன். ஈரத்துணியால் உதடு துடைத்தேன், ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தேன், பக்கத்தில் இருந்து வேதத்திலிருந்து ஒரு சங்கீதம்கூட முணுமுணுத்தேன். பிறகு டேப்பை எடுத்து எழுதினேன்: ‘இடது பக்கம் தலையணை வைத்தேன். கொஞ்சம் அசதி.’ மறுநாள் காலை ஷிஃப்டில் இருந்தவர் புது நர்ஸ், ஆர்தரை முன்னே பின்னே பார்த்ததில்லை. ஹெலன் போன் செய்தபோது அதையே வாசித்துச் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் ஆர்தர் இறந்துபோனார். மகள் வரவேண்டிய ரயில் வெள்ளிக்கிழமை ரயில்.

அடுத்த நாள் ஹெலன் வந்தார். குறிப்புகளை வாசிக்கக் கேட்டார், அது குடும்பத்தாருக்கு உள்ள உரிமை. பிறகு எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்றார். வேலை போய்விடும், வேலையோடு விசாவும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

“தலையணையை ஏன் இடது பக்கம் வைத்தீர்கள்?” என்று கேட்டார்.

“தலை அந்தப் பக்கம் தொய்ந்தது.”

“எப்போதிருந்து?”

“திங்கட்கிழமையிலிருந்து.”

“திங்கட்கிழமையே நீங்கள் பார்த்துவிட்டீர்கள்” என்றார். டேப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் எங்கள் ஊர் வழக்கத்தையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. ஹெலன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பாவை நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அடுத்தவருடைய மகளுக்காவது எழுதிவிடுங்கள்” என்றார். புகார் கொடுக்கவில்லை. அந்த அம்மாள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

4

அன்று தேநீர் வேளையில் எங்கள் மூத்த நர்ஸ் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். பெயர் டோரத்தி, ஓய்வு பெறும் வயது. பதினான்கு வருடம் பாடம் நடத்தியவளுக்கு அன்றுதான் பாடம் நடந்தது.

‘டிரூப்’ என்பது தாங்குகிற பலம் போய்த் தொங்குவது. கண் இமை, வாயின் ஓரம், தலை, தோள். பக்கத்தையும் எழுத வேண்டும், இடதா வலதா. திடீரென்று முகத்தில் வந்தால் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, மணியை அடிக்க வேண்டும். ‘சாக்’ என்பது நடுப்பகுதி தொய்வது. பழைய மெத்தை, துணிக்கொடி, வயதான கன்னம். அதற்கு அவசரம் இல்லை. ‘ஸ்லம்ப்’ என்றால் உடம்பு மொத்தமாகப் பொத்தென்று சரிவது. நாற்காலியில் அப்படிக் கண்டால் எத்தனை மணிக்கு என்று நேரத்தோடு எழுத வேண்டும். ‘வில்ட்’ செடிக்கு, வெயிலில் நின்ற மனிதனுக்கும் பேச்சில் சொல்லலாம், குறிப்பில் எழுத வேண்டாம்.

‘சிங்க்’ வந்தபோது நான் முந்திக்கொண்டேன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து ‘சிங்க்கிங்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுத்து வாசனை இல்லாத சித்திகூடப் புரிந்துகொண்டு அழ ஆரம்பித்துவிடுவாள் என்று சொன்னேன். டோரத்தி ஆச்சரியப்பட்டார். இங்கே ஆளைப் பற்றி அப்படி எழுதுகிற வழக்கம் போய்விட்டது, கண்ணும் கன்னமும் உள்வாங்கினால் எழுது என்றார். ‘டிக்ளைன்’தான் இங்கே ஆளுக்கு உள்ள வார்த்தை. மெதுவான சரிவு, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். தனியாக எழுதினால் பிரயோஜனம் இல்லை.

காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். “நீ எழுதுவதால் யாரும் சாகப்போவதில்லை” என்றார். என் நெஞ்சுக்குள் இருந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாரோ.

5

மறுநாள் எனக்கு விடுமுறை. மத்தியானம் ஊருக்குப் போன் போட்டேன். அம்மா போய் ஆறு வருடம். அப்பா அம்பாசமுத்திரம் பக்கத்தில் தம்பி டேவிட் வீட்டில் இருந்தார். வயிற்றில் புண், மாத்திரை சாப்பிடுகிறார் என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீடியோவில் வந்தால் அப்பா போர்வைக்குள்ளிருந்து கையை ஆட்டுவார். ஒரு தடவை ரூத் பட்டென்று, “தாத்தா, ஏன் இவ்ளோ ஒல்லியா ஆயிட்டீங்க?” என்று கேட்டுவிட்டாள். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது, இந்த ஊர்ப் புத்தி வந்துவிட்டது என்று அவளைத்தான் திட்டினேன்.

“அப்பா எப்படி இருக்காவ?”

“சுகமா இருக்காவக்கா. நேத்து ரெண்டு இட்லி சாப்பிட்டாவ. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.”

என் குறிப்பை யாரோ எனக்கே திருப்பி வாசிப்பது போல இருந்தது.

“டேவிட்டு, அப்பாவுக்கு எத்தனை தலையணை வச்சிருக்க?”

“அது எதுக்கு இப்பம்?”

“சொல்லுலே.”

“மூணு.”

“எந்தப் பக்கம் அண்டை குடுத்திருக்க?”

“வலது பக்கம்.”

“ஏன்?”

டேவிட் அழ ஆரம்பித்தான். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, கூட்டுறவு சங்கத்தில் கிளார்க், எங்கள் அம்மா இறந்தபோதுகூட எல்லார் முன்னாலும் அழாதவன்.

“அந்தப் பக்கமா சாயுதாவக்கா. ஒரு மாசமாச்சி. இட்லியெல்லாம் இல்லை, கஞ்சித்தண்ணிதான், அதுவும் நான் ஊட்டுதேன். கட்டியாம்க்கா. ஆபரேஷன் தாங்காதுன்னு டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாரு. உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன், நீ அங்கன விசாவும் வேலையுமா இருக்க. அப்பாகிட்டயும் சொல்லலை. வாயால சொன்னா நடந்துருமோன்னு இருக்கு.”

நான்கு மாதம் இவன் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நான் அதையே டேப்பில் செய்தவள்.

6

விடுப்புப் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். ‘தகப்பனாருக்கு உடல்நலம் சரியில்லை’ என்று முதலில் எழுதினேன். பழக்க தோஷம். அடித்துவிட்டு, ‘என் தகப்பனார் வேகமாக டிக்ளைன் ஆகிக்கொண்டிருக்கிறார். போன மாதம் தானே சாப்பிட்டவர், இந்த மாதம் ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போது போக விரும்புகிறேன்’ என்று எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். கூட வேலை பார்க்கிற போலந்துக்காரத் தோழி ஒருத்தி என்னுடைய ஷிஃப்டுகளைத் தானே எடுத்துக்கொண்டாள். பதிலுக்கு என்ன செய்ய என்று கேட்டதற்கு, போய் உன் அப்பாவைப் பார் என்றாள். நன்றிகெட்ட ஊர், ஒட்டாத ஜனம் என்று நான் இந்த நாட்டைப் பற்றி என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கணவரையும் ரூத்தையும் இங்கே விட்டுவிட்டு, திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக வந்து சேர்ந்தபோது வியாழக்கிழமை காலை. அப்பா என்னைப் பார்த்து, “ஏட்டி, பாபநாசம் மலையில நல்ல மழையாமே, வார வழியில பாத்தியா?” என்றுதான் கேட்டார். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர், கால்வாய் மதகைத் திறந்து மூடுகிற வேலை. ஓய்வு பெற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் மழையைத்தான் முதலில் விசாரிப்பார்.

7

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், “தேறி வந்துருவீய அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பாவும் அவர்களுக்குத் தலையை ஆட்டிவைத்தார். மறுநாள் பத்து மணி வாக்கில் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அப்பா என்னைக் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“நீ அங்கன என்ன வேலைட்டி பாக்க?”

“வயசானவங்களைப் பாத்துக்கிடுத வேலைப்பா.”

“அப்பம் உனக்குத் தெரியும். நான் எப்படி இருக்கேன்?”

டேவிட் கதவோரம் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினான். வேண்டாம் என்கிறான். என்னிடம் ஆறு ஆங்கில வார்த்தைகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கமும் அளவும் தெரியும். அப்பாவிடம் தமிழில் சொல்ல ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“எறங்கிக்கிட்டே இருக்கீயப்பா” என்றேன்.

“எவ்வளவு?”

“இனி வாரக்கணக்கு இல்லைப்பா. நாள்கணக்குதான்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் இறுக்கம் விட்டிருந்தது.

“அப்பாடா” என்றார். “நாலு மாசமா ஒருத்தர் வாயிலேருந்தும் வரலை. டாக்டர் இவன்கிட்டப் பேசுதாரு. இவன் என்கிட்ட வந்து, டாக்டர் சிரிச்சிக்கிட்டே போனாருங்கான். நான் என்ன கேனயனா? முப்பத்தி நாலு வருஷம் கால்வாய்ல தண்ணி அளவு எழுதினவன்ட்டி நான். குறையுத அன்னைக்குக் குறையுதுன்னு எழுதாம இருந்தா கடைமடையில வயல் வச்சிருக்கவன் என்னைச் சும்மா விட்டிருப்பானா?”

பிறகு டேவிட்டைக் கூப்பிட்டுக் காகிதம் எடுக்கச் சொன்னார்.

எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வகைச் சீட்டு உண்டு. வியாதியஸ்தர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி விண்ணப்பச் சீட்டு, நன்மை பெற்றவர்கள் நன்றி சொல்ல ஸ்தோத்திரச் சீட்டு. எழுதிக் கொடுத்தால் ஐயர் ஆராதனையில் வாசிப்பார். எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வது. நான்கு மாதமாக ஒரு வாரம் விடாமல் டேவிட் அப்பா பெயரை விண்ணப்பத்தில் கொடுத்துவந்திருக்கிறான். அப்பா அதை எடுத்துவிட்டு ஸ்தோத்திரத்தில் போடச் சொன்னார்.

“எடுத்துட்டா, நம்பிக்கை விட்டுட்டோம்னு ஊர்ல பேசுவாவப்பா” என்றான் டேவிட்.

“பேசட்டும்லே. இத்தனை வாரம் கேட்டாச்சி, போதும். வாங்கினதுக்குச் சொல்ல வேண்டாமா? எழுது.”

மூச்சு வாங்க வாங்க அவர் சொல்ல, டேவிட் எழுதினான். எழுத்தெல்லாம் கோணல்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்காளை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு நானும் டேவிட்டும் போனோம். ஐயர் சீட்டை ஒரு தடவை மனதுக்குள் படித்துவிட்டுத்தான் வாய்விட்டு வாசித்தார். “எண்பத்தோரு வருஷம் நடமாட வைத்ததற்காகவும், தன் பொறுப்பில் இருந்த மதகில் ஒரு உயிரும் போகாமல் காத்ததற்காகவும், மகன் டேவிட் முகத்தைச் சுளிக்காமல் தன்னைக் கழுவி விடுவதற்காகவும், மகள் சீமையிலிருந்து நேரத்துக்கு வந்து உள்ளதைச் சொன்னதற்காகவும் ஸ்தோத்திரம்.” அடுத்து வியாதியஸ்தர்கள் பெயரை வாசித்தார். அப்பா பெயர் அதில் இல்லை. பக்கத்து வரிசையில் ஒரு சித்தி திரும்பி எங்களைப் பார்த்தாள். டேவிட் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். “முழுசா வாசிச்சாரா?”

“முழுசாப்பா” என்றேன்.

“ஒண்ணும் விடலியே?”

“விடலை.”

அதற்குப் பிறகு அப்பா மூன்று நாள் இருந்தார். டேவிட் நான்கு மாதமாக ஒவ்வொரு மத்தியானமும் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, “சுகமா இருக்காப்பா?” என்பானாம். அப்பா, “சுகந்தாம்லே” என்பாராம். இரண்டு பேரும் அதோடு சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கஞ்சியை ஜன்னலில் வைத்துவிட்டு, கட்டிலில் ஏறி அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வலிக்காப்பா?”

“வலிக்குலே. நேத்தைக்கு விட இன்னைக்கு ஜாஸ்தி.”

டேவிட் வேட்டியை விலக்கி அவர் வயிற்றில் கையை வைத்தான். “எங்கன? இங்கனயா?”

“பைய. இன்னும் கொஞ்சம் கீழ” என்றார் அப்பா. “ஆங், அங்கனதான்.”